வாத்தியார் பிள்ளை

மக்கா,

கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. நீ எர்ணாகுளத்தில் துறைமுக ஆபீசில் லீவு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இங்கே கரமனை வீட்டில் உன் அம்மா அரிசி புடைக்கிறாள், முறுக்குக்கு ஆள் சொல்கிறாள், நடுவில் என்னையும் திட்டுகிறாள். பெண் வீட்டார் நாகர்கோவிலில் இருப்பதால் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நான் பஸ் ஏறுகிறேன். வரும் நவம்பரில் நாகர்கோவில் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிடும் என்பதால் தெருவில் எல்லோருக்கும் ஒரே கேலி. "வெளிராஜ்யத்திலிருந்தா பெண் எடுக்கியோ சாரே?" என்று கேட்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் கல்யாண வேலை பற்றியது இல்லை. நீ வந்த பிறகு நேரில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் அச்சாபீசுக்குப் போயிருந்தேன். அச்சடித்த அழைப்பிதழ்களை என்னிடம் கொடுத்துவிட்டு, அச்சாபீஸ்காரர் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார். "மாப்பிள்ளைக்குச் சிநேகிதன்மார் வாழ்த்து மடல் உண்டா சார்? ரோஸ் தாளா, பச்சைத் தாளா?" இப்போதெல்லாம் அது இல்லாமல் கல்யாணம் ஏது? தாலி கட்டி முடிந்ததும் ஒரு சிநேகிதன் எழுந்து நின்று, நாலு விருத்தம் ராகம் போட்டுப் படிப்பான். மடலின் அடியில் பத்துப் பெயர் வரிசையாக இருக்கும். பிறகு அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள். நான் உனக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டேன். நீ ஒரே வரியில் பதில் எழுதினாய்: "அப்படி யாரும் இல்லை அப்பா, வேண்டாம்." கோபமோ வருத்தமோ எதுவும் அதில் இல்லை. கடையில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி எழுதியிருந்தாய். அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் நடந்தேன்.

உனக்கு ஏன் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஒன்பது வருஷமாக நாம் ரெண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊரில் பழமொழி சொல்வார்கள். நீ மக்கு இல்லை. நீ வாயாடி. மூன்றாம் பாரத்தில், பதின்மூன்று வயதில், உன் வாய் ஓயாது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாய். யார் யாரோடு சண்டை, எவன் எவனுக்குப் பட்டப்பெயர் வைத்தான், டிராயிங் மாஸ்டர் தூங்கி விழுந்தது எப்படி என்று எல்லாம் நடித்துக் காட்டுவாய். தட்டில் தீயல் ஊற்றிய சோறு ஆறிப்போகும். "மக்கா, மொதல்ல சோத்த உண்ணு, பொறவு பேசு" என்று அம்மா தலையில் தட்டுவாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்திருப்பேன். அந்தச் சிரிப்பு பொய் இல்லை, மக்கா. அப்பனாகத்தான் சிரித்தேன். ஆனால் மறுநாள் காலையில் உன் வகுப்புக்கு வாத்தியாராக வந்து நிற்பவனும் நான்தானே.

சாக்குக்கட்டிப் பெட்டிக்குள் உன் வகுப்புக் குட்டன் பல்லியைப் பிடித்து வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். நீ முந்தின நாள் ராத்திரிச் சோற்றின்போது அதைச் சொல்லிச் சிரித்தாய். காலையில் நான் வகுப்புக்குள் வந்ததும் பெட்டியைத் தொடவே இல்லை. கரும்பலகையைப் பார்த்தபடியே, "குட்டா, பல்லியைக் கொண்டுபோய் மரத்தடியில் விட்டுட்டு வா" என்றேன். நாற்பது பையன்களும் அசந்துபோனார்கள். அந்த ருசி என்னைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் எவன் வீட்டுக்கணக்கைப் பார்த்து எழுதினான், எவன் கரமனை ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டு வயிற்றுவலி என்றான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "எனக்கு முதுகிலும் கண் உண்டுடே" என்று பெருமை அடித்துக்கொண்டேன். தலைமை ஆசிரியர்கூட, சார் வகுப்பில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கிறது என்று மெச்சினார். அந்தப் பெயரெல்லாம் உன் வாயிலிருந்து நான் திருடியது. அப்போது எனக்கு அது திருட்டாகத் தோன்றவில்லை.

உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் அனந்தன். கரமனை அக்கிரகாரத்துப் பையன், ஒல்லி, பெரிய காது. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே பென்சிலை ரெண்டாக முறித்து எழுதினவர்கள். அவன் அந்த வருஷம் தினமும் தாமதமாக வர ஆரம்பித்தான். தாமதமாக வந்தவன் முதல் மணி முழுக்க வாசலில் நிற்கவேண்டும் என்பது என் சட்டம். நின்றான். ஒரு ராத்திரி நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். என்னடே என்றேன். "அப்பா, அனந்தனை வெளிய நிறுத்தாதீங்க" என்றாய். ஏன் என்று கேட்டேன். "ஆருட்டயும் சொல்லப்பிடாது. எங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கான்." நான் உன் தலையில் கை வைத்து, சொல்லமாட்டேன் மக்கா என்றேன். அப்போது நீ சொன்னாய். அவன் அப்பா ஆறு மாதமாக வீட்டுக்கு வருவதில்லை. எங்கே என்றும் தெரியாது. அம்மா விடிவதற்குள் உளுந்தவடை சுட்டுக் கொடுக்கிறாள். அனந்தன் அதைத் தூக்குவாளியில் வைத்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு சாயாக்கடையின் பின்வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறான். தெருவில் தெரிந்தால் அவன் அம்மா தலைகாட்ட முடியாது.

எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. நாளை முதல் அவனை நிறுத்தக்கூடாது என்று முடிவு செய்துதான் படுத்தேன். மறுநாள் அவன் வியர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றபோது, பையன் கூச்சப்படாமல் உள்ளே வரட்டுமே என்று ஒரு வேடிக்கை பேசினேன். "வா வா, உள்ள வா. வடையெல்லாம் வித்துத் தீந்தாச்சாடே?" இவ்வளவுதான். அன்பாகத்தான் சொன்னேன். வேடிக்கைதானே, வெளியே சொன்னதாக ஆகுமா என்று என் மரமண்டை நினைத்திருக்கிறது. முதலில் கடைசி பெஞ்சில் ஒருவன் சிரித்தான், அப்புறம் வகுப்பே சிரித்தது. அனந்தன் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தான். பிறகு தன் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான். நான் பாடத்தை ஆரம்பித்தேன்.

மத்தியானத்துக்குள் அவனுக்கு 'வடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே பையன்கள், அதே மத்தியானம், பாதாம் மரத்தடியில் கூடி உன்னோடு கூட்டு வெட்டினார்கள், சிநேகத்தை முறித்துக்கொண்டார்கள். அனந்தன் மேல் அவர்களுக்கு ஒன்றும் பெரிய பரிவு இல்லை. பல்லி எப்படித் தெரிந்தது, ஆற்றுக்குப் போனது எப்படித் தெரிந்தது என்று கூட்டிக் கழித்துப் பார்க்க அவர்களுக்கு அன்றைக்குத்தான் புத்தி வந்தது. இவன் காதில் விழுந்தால் சார் காதில் விழுந்த மாதிரி. ஆகையால் இவனோடு ஒருத்தனும் பேசக்கூடாது. சின்னப் பிள்ளைகள் கூட்டு வெட்டினால் நாலு நாளில் மறந்துபோகும் என்று நான் நினைத்தேன். நாலு நாள் ஆயிற்று, நாலு மாசம் ஆயிற்று, வருஷமும் திரும்பிற்று. நீ போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். புத்தரிக்கண்டத்தில் கதிர் அறுத்த வயலில் அவர்கள் பந்து விளையாடும்போது நீயும் ஓடுவாய். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை ஓடி ஓடி வியர்ப்பாய். பந்து ஒரு தடவைகூட உன் காலுக்கு வராது. ரோட்டிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தெரியவில்லை என்றால் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியாருக்கு அது முடியுமா? ஒரு நாள் பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டு, "இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள ஒவ்வொருத்தனும் இவன்கிட்ட பேசியிருக்கணும், இல்லேன்னா நடக்கறதே வேற" என்று உத்தரவு போட்டேன். இடைவேளையில் ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உனக்கு முன்னால் வரிசை நின்றது. முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் காதில் விழுந்தது. "சுகந்தன்னே?" என்று ஒருவன் நலம் விசாரித்தான். "சுகம்" என்றாய் நீ. அவன் நகர்ந்தான், அடுத்தவன் வந்தான், "சுகந்தன்னே?" "சுகம்." நாற்பது பையன்கள் வந்துபோனார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. கடைசியில் அனந்தனும் வந்து கேட்டான். அவனுக்கும் நீ சுகம் என்றுதான் சொன்னாய். என் உத்தரவை அவர்கள் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தார்கள், யாரை நான் அடிக்க?

அன்று வீட்டுக்கு வந்து நீ சொன்னது ஒன்றே ஒன்று. "அப்பா, இனி ஒண்ணும் செய்யாதீங்க." பெரிய மனுஷன் மாதிரி சொன்னாய். நான் அதையும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அனந்தன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "சார் எங்காத்துப் படி ஏறினது பாக்யம்னா. உக்காருங்கோ" என்று உபசாரம் செய்தாள். நடந்தது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. அனந்தன் கதவோரமாக நின்றான். நான் சொன்னது தப்பு, என் மேல் வருத்தம் வேண்டாம், என் பிள்ளையோடு பழையபடி பேசு என்று கேட்டேன். "வருத்தமில்லே சார். பேசறேன் சார்" என்றான். சாக்குக்கட்டி எடுத்துவா என்றால் எப்படிச் சொல்வானோ அப்படியே சொன்னான். சாருக்கு எந்தப் பையன் இல்லை என்று சொல்லியிருக்கிறான்? நான் கேட்டதைக் கொடுத்துவிட்டு அவன் தலைகுனிந்து நின்றான், நான் வெறுங்கையோடு தெருவில் இறங்கினேன்.

அதோடு வீட்டிலும் உன் பேச்சு போயிற்று. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றால், "ஒண்ணுமில்ல." யாரோடு விளையாடினாய் என்றால், "ஆருமில்ல." தீயல் ஆறுவதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடுவாய். "கேட்டேளா, பிள்ள ஒண்ணும் பேசமாட்டேங்கான், ஆளே மாறிட்டான்" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். நாலாம் பாரத்தில் நீ விடிவதற்கு முன்பே எழுந்து ஆற்றுக்குக் குளிக்கப் போக ஆரம்பித்தாய். ஈரத்துண்டும் நெற்றியில் விபூதியுமாகத் திரும்பி வருவாய். பக்தி வந்துவிட்டது, நல்லதுதான் என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டோம். அப்படியே வளர்ந்தாய். பரீட்சை எல்லாம் பாஸ் செய்தாய், வேலைக்குப் போனாய், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டாய். உன் ஆபீசர் உன்னைப் பற்றி, ரகசியத்தை இவனிடம் கொடுத்தால் இரும்புப் பெட்டியில் வைத்த மாதிரி என்று சொன்னாராம். உன் மாமா அதைப் பெருமையாக வந்து சொன்னான். நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

பிள்ளையைப் பெற்றவர்கள்தான் வளர்க்கிறோம் என்பது வெறும் மிதப்பு, மக்கா. முப்பது வருஷம் பையன்களோடு இருந்தவன் சொல்கிறேன். நாம் சோறு போடுகிறோம், துணி போடுகிறோம், நல்லது கெட்டது சொல்கிறோம். ஆனால் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்கிறவன் நகர்ந்து இடம் கொடுத்தானா இல்லையா என்பதில்தான் ஒரு பையன், தான் யார் என்று தெரிந்துகொள்கிறான். அந்த இடத்துக்குள் அப்பன் கை நீளாது. நீட்டினால் கெடும். நான் நீட்டினேன், கெட்டது.

இனி போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உன் கார்டு வந்த பிறகும் என் புத்தி திருந்தவில்லை. அச்சாபீஸ்காரரிடம் ரோஸ் தாள் என்று சொல்லிவிட்டு, நானே ராத்திரி உட்கார்ந்து நாலு விருத்தம் எழுதினேன். அடியில் 'இங்ஙனம், பள்ளித் தோழர்கள்' என்று போட்டேன். கேட்டாயா, இருபத்திரண்டு வயசு மகனுக்கு அப்பனே சிநேகிதர்களைச் செய்துகொடுக்கப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாவது விருத்தம் நன்றாகவே வந்திருந்தது. அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு கிழக்கேகோட்டையில் நாகர்கோவில் பஸ் ஏறினேன். "சார், இப்பிடி முன்னால வந்து உக்காருங்கோ" என்று கண்டக்டர் கூப்பிட்டான். பெரிய காதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அனந்தன்.

கல்யாணத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டான், பெண் எந்த ஊர் என்று விசாரித்தான். எனக்கு உடனே பேராசை வந்துவிட்டது. மடலை எடுத்து நீட்டி, அடியில் அவன் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவன் வாசித்துப் பார்த்தான். பாலராமபுரத்தில் ஆள் இறங்க மணி அடித்துவிட்டு, மறுபடி வந்து மடித்து என் கையிலேயே கொடுத்தான். "நன்னாத்தான் எழுதியிருக்கேள் சார். இது வேண்டாம்" என்றான். முதல் தடவையாக அவன் என்னிடம் இல்லை என்று சொன்னான். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அவனுக்கே பாவமாக இருந்திருக்கவேண்டும். ஆள் குறைந்த பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான்.

"அவன் உங்ககிட்ட சொன்னதே இல்லையா சார்?" என்று கேட்டான். எதை என்றேன். "நாலாம் பாரத்துல சாயாக்கடை வாசல்ல பசங்க காத்துண்டு நிப்பா, வடை வடைன்னு கூவறதுக்கு. ஒரு நாள் என்னால போக முடியல்லே. ஆத்துப் பாலத்துக் கட்டைச் சுவர்ல தூக்குவாளிய வச்சுண்டு அழுதுண்டு இருந்தேன். உங்க பிள்ளை வந்தான். ஒண்ணும் பேசல்லே. தூக்குவாளிய எடுத்துண்டு போயிட்டான். வெறும் வாளியக் கொண்டுவந்து அதே எடத்துல வச்சான். மறுநாளும் வந்தான். நான் படிப்ப நிறுத்தறவரைக்கும் அவன்தான் சார் கொண்டுபோனான். அவனையும் வடைன்னு விளிப்பா. கேக்காத மாதிரி போவான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பார்த்தபடியே, அப்படியானால் நீங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொண்டுதானே இருந்திருப்பீர்கள் என்று கேட்டேன். அனந்தன் சிரித்தான். "இல்லே சார். ஒரு வார்த்தை பேசிக்கல்லே. பேசினா எப்பிடியாவது உங்களுக்குத் தெரிஞ்சுடும்னு பயம். ரெண்டு பேருக்கும்தான்." வேடிக்கையாகத்தான் சொன்னான், மக்கா, கொஞ்சமும் குத்திக்காட்டவில்லை. அப்புறம் நெய்யாற்றின்கரை வந்தது, கூட்டம் ஏறிற்று, அவன் டிக்கெட் கொடுக்கப் போய்விட்டான்.

ஏறக்குறைய ஒரு வருஷம் நீ என் வீட்டிலிருந்து இருட்டில் எழுந்து போயிருக்கிறாய். முதுகில் கண் உள்ளவன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். நான் பிரம்பை வைத்துக்கொண்டு செய்ய முடியாததை நீ வாயைத் திறக்காமல் செய்தாய். அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. ஆனால் பெருமைப்பட எனக்கு உரிமை இல்லை, அதில் என் பங்கு அந்தப் பயம் ஒன்றுதான். நாற்பது பேர் உன்னைத் தனியாக விட்டார்கள் என்று இவ்வளவு நாள் அவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மிச்சம் இருந்த ஒருவனும் உன்னோடு பேசாமல் போனதற்கு நான்தான் காரணம். அனந்தனிடம் போய் மன்னிப்புக் கேட்டேனே, உன்னிடம் ஒரு நாளாவது கேட்டேனா? இப்போது கேட்கிறேன். என் தலையில் அடித்துக்கொண்டு கேட்கிறேன். ஆனால் மன்னித்தேன் என்று எனக்கு எழுதிவிடாதே. நீ நல்ல பிள்ளை, அப்பா கேட்டால் எழுதிவிடுவாய்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்திமதி சொல்லவேண்டும் என்பது வழக்கம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வருகிற பெண் உன்னை நம்பி எதையாவது சொல்லுவாள். அதை என்னிடமும் அம்மாவிடமும் வந்து சொல்லாதே. நாங்கள் கேட்டாலும் சொல்லாதே. நான் கேட்பேன், நாய் வாலை நிமிர்த்த முடியாது. நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆனால் அவளிடம் நீ பேசு. இரும்புப் பெட்டியோடு ஒரு பெண் குடித்தனம் நடத்த முடியாது. நாளைக்கு உன் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதை சொன்னால் சிரித்துக் கேள். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகாதே. உன் கை பரபரக்கும். பரபரக்கட்டும், மடக்கி வைத்துக்கொள்.

நாகர்கோவிலில் இறங்கியதும் மடலைக் கிழித்துப் போட்டேன். அழைப்பிதழ் ஒன்று பையில் இருந்தது. அதையாவது அனந்தனிடம் கொடுக்கலாம் என்று எடுத்தேன். அவன் வாங்கவில்லை. கையைக் கூப்பி, "நீங்க தராதேங்கோ சார். தரணும்னா அவன் தரட்டும்" என்றான். பஸ்ஸைத் திருப்பி நிறுத்த டிரைவருக்குக் கைகாட்டப் போய்விட்டான்.

அந்த அழைப்பிதழை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மேலே பெயர் எழுதவில்லை. அனந்தன் எந்த பஸ்ஸில் போகிறான், எத்தனை மணிக்குக் கிழக்கேகோட்டைக்கு வருவான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், விசாரித்து வைத்திருக்கிறேன். அதை நான் எழுதப்போவதில்லை. நீ கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். பந்தியில் ஒல்லியாக, பெரிய காதோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறானா என்று என் கண் தேடத்தான் செய்யும், அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் கொடுத்தாயா என்று உன்னிடம் கேட்கமாட்டேன்.

கேட்டுவிட்டால், பதில் சொல்லாதே மக்கா.

அப்பா